உள்ளே என்னை அப்பா என்று கூப்பிடாதே

பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்ததும் ஒரு முடக்கு வரும். எங்கள் ஜீப் அந்த முடக்கில் திரும்பியபோது மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. முன்னால் ஒருவர் கறுப்புக் குடையுடன் நடந்துகொண்டிருந்தார். வாகனத்தின் ஓசை கேட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குடையை மடக்கினார். பாதையை விட்டு, மழைநீர் வடியும் ஓரத்துக் கானுக்குள் இறங்கினார். கலங்கலாக ஓடிய நீரில் கால்களை ஊன்றி, தலையைச் சற்றே தாழ்த்திக்கொண்டு நின்றார்.

கொட்டும் மழையில் ஒருவர் குடையை மடக்குவதை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். வாகனத்துக்குள் இருந்தபடி அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"நிப்பாட்டுங்க நஸீர்," என்றேன்.

சாரதி நஸீர் ஹட்டன்காரர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் வெளிக்களத்துக்குப் போனதெல்லாம் அவருடைய ஜீப்பில்தான்.

"என்ன மிஸ், ரோட்டுல கல்லு கெடக்கா?"

"இல்ல. எங்கப்பா நிக்கிறாரு."

அவர் வாகனத்தை நிறுத்தினார். நான் இறங்கிப் போனேன். தாழ்ந்திருந்த அப்பாவின் கண்கள் முதலில் கண்டது என் சப்பாத்துகளைத்தான்.

"சலாமுங்க," என்றார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"அட, நீயா புள்ள! தொரை வண்டின்னுல்ல நெனச்சேன். சத்தம் அதே சத்தம்."

"குடைய விரிங்கப்பா."

"நனைஞ்சது நனைஞ்சி போச்சி. இனி விரிச்சி என்னா?"

நஸீர் தலையை வெளியே நீட்டினார். "ஏறுங்க பெரியவரே. இது கவர்மெண்ட் வண்டி. கொடைய மடக்குனவங்களுக்கும் எடம் இருக்கு."

"சீட்டெல்லாம் சேறாயிரும் தம்பி. நான் குறுக்கால ஏறி, ஒங்களுக்கு முன்னுக்கு வந்துருவேன்."

அப்படிச் சொன்னவர் உடனே போய்விடவில்லை. நஸீருக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்: "நீ தோட்டத்து ஆபீசுக்குத்தானே வார?"

"ஆமாப்பா."

"உள்ளுக்கு என்னைய அப்பான்னு கூப்பிடாத."

"ஏன்?"

"ஒனக்குத்தான் கொறச்ச. தொரை ஒனக்குக் கதிர போட்டு ஒக்கார வைப்பாரு. நான் ஒங்கப்பான்னு தெரிஞ்சா, அந்தக் கதிரைய அவரு யோசிச்சித்தான் போடுவாரு."

தேயிலைச் செடிகளுக்கிடையே ஏறும் ஒற்றையடிப் பாதையில் அவர் மறைந்தார். குடை அப்போதும் மடங்கியே இருந்தது.

வெடித்த மண்

நான் ஏன் அந்த ஜீப்பில் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முந்திய மழைக்காலம் அது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் மேல் லயத்துக்குப் பின்னால், சரிவில், ஒரு வெடிப்புக் கண்டிருந்தது. முதலில் அதற்குள் ஒரு குச்சி நுழைந்தது. பிறகு கை நுழைந்தது. மண்ணை ஆராய்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, இங்கே ஒரு குடும்பமும் இனி உறங்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். மேல் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் தோட்டப் பாடசாலையின் இரண்டு வகுப்பறைகளுக்குள் வந்து சேர்ந்தன. என் அம்மாவும் அப்பாவும் அவற்றுள் ஒன்று.

பகலில் பெண்கள் பழைய லயத்துக்கு ஓடிச் சமைத்துக்கொண்டு வருவார்கள். வெடிப்பை ஒருவர் மாறி ஒருவர் போய்ப் பார்ப்பார்கள். மழை சற்று வலுத்தால் எல்லாருடைய பேச்சும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். அந்த மௌனத்தை எழுதும்போது இப்போதும் எழுந்து நடக்க வேண்டும் போலிருக்கிறது.

அந்தக் குடும்பங்களைக் குடியமர்த்த இடம் வேண்டும். தோட்டத்தில் மண் முழுவதும் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்துக்கு எங்களிடம் உறுதிப் பத்திரம் இல்லாததால், வீடிழந்தவர்கள் என்ற சொல்லுக்குள்கூட நாங்கள் எளிதில் நுழைந்துவிட முடியாது. வீடு இருந்தால்தானே இழப்பதற்கு?

துரை, அதாவது தோட்ட முகாமையாளர், காட்டிய இடம் தொழிற்சாலைக்குக் கீழே ஓடையோரத்தில் இருக்கும் பள்ளம். எங்கள் மக்கள் மனத்துக்குள் வைத்திருந்த இடமோ பங்களாவுக்குக் கீழேயுள்ள பழைய மைதானம். பரந்த, உறுதியான, வெயில் படும் இடம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் அங்கே பந்து விளையாடினார்களாம். இப்போது யாரும் விளையாடுவதில்லை. ஆனால் சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்காக அங்கே மரக் குடில்கள் கட்டக் கம்பனி எண்ணியிருந்தது.

பிரதேச செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, மக்களின் சம்மதத்தைக் கேட்டு, இடத்தை முடிவு செய்ய வேண்டும். அவர் சிங்களவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவருக்கு மொழிபெயர்க்க ஒருவர் தேவைப்பட்டார். செயலகத்தில் இரண்டு மொழியும் சரளமாகப் பேசக்கூடிய ஆள் நான். அவர் காலையிலேயே துரையின் வாகனத்தில் போய்விட்டிருந்தார். நான் ஜீப்பில் பின்னால் போனேன்.

கானுக்குள் இறங்கும் கால்கள்

துரை வரும்போது குடையை மடக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் யாரும் சொன்னதில்லை. இன்றைய துரைமார் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. சிலருக்கு அது கூச்சமாகக்கூட இருக்கும். உத்தரவு போட்டவர்கள் கப்பலேறிப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்த உத்தரவு மட்டும் அப்பாவின் கால்களிலும் கைகளிலும் தங்கிவிட்டது. ஓசை கேட்டதும் கால் கானுக்குள் இறங்கும், கை குடையை மடக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் நாட்களில் நானும் அவருடன் இறங்கியிருக்கிறேன். எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. வண்டி போன பிறகு எத்தனை சேற்றுப் பொட்டு விழுந்திருக்கிறது என்று சட்டையைப் பார்ப்பேன். அப்பா தன் தலைத்துண்டால் என் முகத்தைத் துடைப்பார். அந்தத் துண்டில் தேயிலைத் தூசியின் வாசம் இருக்கும்.

நகரத்துக்குப் போனால் இந்தக் கான்கள் இருக்காது என்று நம்பித்தான் படித்தேன். நகரத்துக் கான்கள் வேறு வகையானவை. முதல் நியமனம் கிடைத்துக் கண்டியில் வாடகைக்கு அறை தேடியபோது, ஒரு வீட்டுக்காரப் பெண்மணி முகம் மலர வரவேற்றார். நல்ல தேத்தண்ணி தந்தார். பேச்சுவாக்கில் ஊரைக் கேட்டார்.

"பூண்டுலோயா."

"டவுனா? தோட்டமா?"

"தோட்டம்."

"அடடா, அறைய நேத்துத்தான் ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம் தங்கச்சி. மறந்தே போனேன்."

அவரும் தமிழர்தான். 'அறை வாடகைக்கு' என்று எழுதிய பலகை, அதற்குப் பிறகும் பல வாரங்கள் அந்த வாசலில் ஆடிக்கொண்டிருந்ததை நான் பேருந்திலிருந்து பார்த்தபடி வேலைக்குப் போனேன்.

பல்கலைக்கழகத்தில் என் அடுத்த கட்டிலில் உறங்கிய தோழி, மிக நல்லவள், ஒருநாள் அன்போடு சொன்னாள்: "உன்னைப் பாத்தா தோட்டத்துப் பிள்ளை எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம்." அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கீழ் லயத்துக் கோயில் மண்டபம்

துரைமாரை மட்டும் குறை சொல்லி இந்த அத்தியாயத்தைக் கடந்துவிட்டால் அது நேர்மையாக இராது.

எங்கள் தோட்டத்தில் கீழ் லயம் என்று ஒன்று உண்டு. அது கோயிலுக்கு அருகில், பாதையோரமாக, உறுதியான மண்ணில் இருக்கிறது. மேல் லயத்துக்கு மட்டும் அந்தச் சரிவு எப்படி வாய்த்தது என்று சிறுவயதில் நான் யோசித்ததில்லை. முந்திய காலத்தில் யாருக்கு எந்த லயம் என்று பிரித்தபோது, கடலைக் கடந்து வந்த சாதியும் கூடவே நின்று பிரித்திருக்கிறது. கீழ் லயத்தில் தண்ணீர் கொட்டும் பீலியில் எங்கள் வீட்டுக் குடம் வைக்கப்பட்டால், அடுத்து வருகிறவர் பீலியைக் கழுவிவிட்டுத்தான் தன் குடத்தை வைப்பார். சண்டையெல்லாம் கிடையாது. சிரித்துப் பேசிக்கொண்டேதான் கழுவுவார்கள்.

வெடிப்புக் கண்ட முதல் நாள், பாடசாலையை விடப் பெரிய கோயில் மண்டபத்தில் தங்கலாமா என்று எங்கள் பக்கத்தவர்கள் கேட்டார்கள். கோயில் தலைவர் மறுக்கவில்லை.

"தாராளமாத் தங்கலாம். ஆனா திருவிழா நெருங்குது பாருங்க. புள்ளகுட்டிங்க, பொம்பளைங்க, தீட்டு கீட்டு... சாமி குத்தமாயிரக் கூடாது. அதான் யோசிக்கிறேன்," என்றார்.

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

என் அம்மா அன்று வகுப்பறையில் பாயை விரித்துக்கொண்டே சொன்னார்: "சாமிக்கு நம்மளக் கண்டா பயம் போல. பாவம், அதுவும் எம்புட்டு நாளைக்கித்தான் ஒளிஞ்சிருக்கும்."

சன்னல்

தோட்டத்து ஆபீசுக்கு ஒரு வாசலும் ஒரு சன்னலும் உண்டு. வாசல் உத்தியோகத்தர்களுக்கு. தொழிலாளர்கள் சன்னலில் நின்றுதான் பேச வேண்டும். அந்தச் சன்னல் நெஞ்சளவு உயரத்தில், சிறியதாக, கம்பி போட்டு அமைந்திருக்கும். உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வெளியே நிற்பவர் குனிய வேண்டும். குனிந்தபடி நெடுநேரம் பேச யாராலும் இயலாது. ஆகவே அந்தச் சன்னலில் பேசப்படுவதெல்லாம் சுருக்கமாகவே இருக்கும்.

நான் வாசல் வழியாக உள்ளே போனேன். துரை எழுந்து நின்று வரவேற்றார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். எனக்குக் கதிரை போட்டார். பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. எங்கள் அம்மா பறித்த கொழுந்தின் நல்ல பகுதி எப்படியிருக்கும் என்று அந்தக் கோப்பையில்தான் தெரிந்தது.

அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மழை கூடுவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. "மக்கள் சார்பில் யார் பேசுகிறார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"காத்தமுத்து என்று ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். பிரச்சினை பண்ணாதவர்," என்றார் துரை. சன்னல் பக்கம் திரும்பித் தன் தமிழில் கூப்பிட்டார்: "காத்தமுத்து! நீ இங்க வா."

சன்னலில் அப்பாவின் முகம் குனிந்து தெரிந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. அவருக்குப் பின்னால் மேல் லயத்து ஆண்கள் சிலர். அவர்களுக்கும் பின்னால், பகல் கொழுந்தை எடை போட்டுவிட்டுக் கூடைகளுடன் வந்த பெண்கள். அவர்களில் அம்மாவும் நின்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்த மாதிரியே இல்லாமல் பார்த்தார்.

"கேளுங்க மிஸ்," என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதிகாரி கேட்டதை நான் தமிழில் கேட்டேன். தொழிற்சாலைக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் தற்காலிக வீடுகள் கட்டித் தரப்படும், அங்கே போகச் சம்மதமா என்று. அப்பா அவரிடமும் என்னிடமும் பேசவில்லை. துரையின் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"தொரை சொன்னா சரிங்க."

"வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒன்னும் இல்லைங்க மிஸ். சரிங்க."

பின்னால் நின்ற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். முந்திய ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை வாங்கில் உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தைப் பற்றி இதே மனிதர்கள் பேசியதை நான் கேட்டிருந்தேன். ஒருவரும் அதை ஏற்கவில்லை. பேசுவதற்கு அப்பாவைத் தெரிந்தெடுத்ததே, மைதானத்தைக் கேட்பதற்காகத்தான்.

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லி அதிகாரி எழுந்தார். "சம்மதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே போகலாம்."

"அவர் சரி என்று சொன்னது துரைக்கு மறுமொழி சேர். நாம் கேட்டதற்கு அல்ல," என்றேன் சிங்களத்தில்.

அவர் சலிப்போடு என்னைப் பார்த்தார். "பிள்ளை, அவர் சொன்னதை நானும் கேட்டேன். சரி என்ற சொல் எனக்கும் தெரியும். ஏன் சிக்கலாக்குகிறீர்கள்?"

வெளியே மழையின் ஓசை ஒரு படி ஏறியது. பெண்களின் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மேல் லயத்துக்குப் பின்னாலுள்ள அந்த வெடிப்பை எல்லாரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டோம் என்று தோன்றியது. என் கையில் பேனா இருந்தது. அதை மேசையில் வைத்தேன்.

வீட்டுக் கேள்வி

கதிரையிலிருந்து எழுந்து சன்னலுக்குப் போனேன். நானும் குனிந்தேன். கம்பிகளுக்கு இந்தப் பக்கமும் குனியத்தான் வேண்டியிருந்தது.

"அப்பா," என்றேன்.

அவருடைய கண்கள் சட்டென்று துரையிடம் போயின. பிறகு என்னிடம் திரும்பின. அந்தக் கண்களில் இருந்தது கோபம். சிறுவயதில் நான் பீலிக்கரையில் வழுக்கி விழுந்தபோது வந்த அதே கோபம்.

"அப்பா, அந்தப் பள்ளத்துக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போயி இருந்துருவீங்களா?"

"கூறுகெட்ட புள்ள! என்ன கேள்வி கேக்குற நீ?" சன்னலில் பேசும் குரலாக அது இல்லை. "அந்தக் கெணத்துக்குள்ள மனுசன் இருப்பானா? மேல இருந்தா மண்ணு மூடும், கீழ போனா தண்ணி மூடும். ரெண்டுல எதுல சாகப் போறேன்னு கேக்குறதுக்கா ஒன்னைய படிக்க வச்சோம்?"

நான் அதிகாரியின் பக்கம் திரும்பி, ஒரு சொல்லையும் விடாமல், அந்தத் தொனியும் குறையாமல், சிங்களத்தில் சொன்னேன். கூறுகெட்ட பிள்ளை என்பதிலிருந்து தொடங்கினேன்.

அதிகாரி மெல்ல மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. "காத்தமுத்து," என்றார். "நீ இப்பதானே சரின்னு சொன்ன?"

அப்பா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மறுபடியும் அந்தத் தாழ்ந்த, பணிவான குரல் வந்தது.

"ஆமாங்க தொரை. அது ஒங்களுக்குச் சொன்னதுங்க. இது மகளுக்குச் சொன்னது."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பெண்களைத் தள்ளிக்கொண்டு அம்மா முன்னால் வந்தார். கூடைக் கயிறு தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது.

"அந்தப் பெரிய ஐயாகிட்ட இதையும் சொல்லு புள்ள. அங்க போனா தவக்களையோடதான் குடும்பம் நடத்தணும். ஓடையில தண்ணி வந்தா அதுங்களுக்கு நீந்தத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. மைதானத்துல எடம் கெடக்கு, அதக் கேக்கத்தான் இந்த மனுசன அனுப்புனோம். இவரு சன்னலக் கண்டதும் வாயத் தொலைச்சிட்டாரு."

"யாரு தொலைச்சா? நான் சொல்லத்தானே வந்தேன்," என்றார் அப்பா.

"சொன்னீங்க, சொன்னீங்க. சரிங்க, சரிங்கன்னு ரெண்டு தரம்."

இதையும் மொழிபெயர்க்கட்டுமா என்று அதிகாரியைக் கேட்டேன். "எல்லாவற்றையும்," என்றார்.

நான் சொல்லி முடித்ததும் அவர் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். பிறகு, அப்பாவை உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரை போடும்படி துரையிடம் கேட்டார். துரை தானே எழுந்து கதிரையை நகர்த்தினார். அதை அவர் வேண்டாவெறுப்பாகச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்த அறையில் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. அப்பா வாசல் வரை வந்தார். உள்ளே காலை வைக்கவில்லை.

"இருக்கட்டுங்க. நின்னே பழக்கம்."

அப்படியானால் இடத்தைப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார் அதிகாரி. எல்லாரும் மழையில் இறங்கினோம். பள்ளத்தின் விளிம்பிலேயே அவருடைய ஒரு சப்பாத்து சேற்றுக்குள் புதைந்து, வெறும் காலுறையோடு கால் மட்டும் வெளியே வந்தது. பெண்கள் சிரிப்பை அடக்கச் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவரும் சிரித்துவிட்டார். சப்பாத்தைத் தோண்டி எடுத்தது நஸீர்தான். "சேர், இங்க வீடு கட்டுனா வாடகைக்குத் தோணியும் குடுக்கணும்," என்று அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே எடுத்தார்.

அன்று அங்கேயே நின்றபடி அதிகாரி மைதானத்தைப் பரிந்துரைத்தார். கம்பனிதான் முடிவு சொல்ல வேண்டும் என்றார் துரை. அந்த முடிவு வருவதற்குள் மழை ஓய்ந்து, பனி கொட்டி, மறுபடியும் மழை தொடங்கிவிட்டது. மேல் லயத்தின் பின்சுவர் இடையில் ஒருநாள் பகலில் விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. கடைசியில் மைதானத்தின் ஒரு பாதி கிடைத்தது. மறு பாதியில் இன்று மரக் குடில்கள் நிற்கின்றன. நடுவே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தங்க வருகிறவர்கள், இந்தப் பக்கம் துணி காயப்போடும் எங்கள் பெண்களைப் படம் எடுத்துப் போகிறார்கள்.

மறுநாள் பெரட்டு

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த மைதானம் கிடைத்த கதையை அல்ல. ஆபீசில் நடந்ததற்கு மறுநாள் காலை நடந்ததுதான் இத்தனை ஆண்டுகளாக என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

அன்று மாலை அதிகாரியை நஸீருடன் அனுப்பிவிட்டு, நான் பாடசாலையிலேயே தங்கினேன். வகுப்பறையில் எல்லாரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு, நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசிச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார், வாயில் வைக்கவில்லை.

"என்னப்பா?"

"நான் சொன்னத நீ கேக்கல."

"கேட்டிருந்தா பள்ளத்துக்குப் போயிருப்போம்."

"அது சரி." தட்டைக் கீழே வைத்தார். "நீ வண்டியில வந்த. வண்டியில போயிருவ. நாளைக்கி விடிய பெரட்டுல நிக்கிறது நான்தானே?"

"நின்னா என்ன? காலு தேஞ்சா போயிரும்?" என்றார் அம்மா.

அப்பா கேட்டது உண்மையான கேள்வி. அன்றைய வெற்றியில் எனக்கு உரிய பங்கை நான் செயலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம். அதற்குரிய விலையை அவர் இங்கேயே, ஒவ்வொரு காலையும், அந்த மனிதர்களின் முன்னால் நின்று கொடுக்க வேண்டும். நான் இன்றும் ஒவ்வொரு தோட்டத்துக்குள் நுழையும்போதும் இதை நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

பெரட்டு என்பது காலையில் தொழிலாளர்கள் கூடி, அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் இடம். மறுநாள் விடிந்ததும் அம்மாவோடு நானும் போய் ஓரமாக நின்றேன். மழை விட்டிருந்தது. மேகம் மலைகளின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வெற்றிலையும் ஈரச் சாக்கும் கலந்த வாசம் எங்கும் இருந்தது.

கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகச் சொல்லி வேலை பிரித்தார். அப்பாவின் வயதுக்காரர்களுக்கு வழக்கமாகத் தொழிற்சாலையைச் சுற்றியோ பாதையோரத்திலோதான் வேலை இருக்கும். அன்று அந்த வேலைகள் எல்லாம் பிரித்து முடிந்தும் அப்பாவின் பெயர் வரவில்லை. பெண்கள் கூடைகளுடன் கிளம்பத் தொடங்கினார்கள். கடைசியில்தான் கணக்கப்பிள்ளை அவரைக் கூப்பிட்டார்.

"காத்தமுத்தண்ணே, காட்டோரத்து மலையில கான் வெட்டு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. காட்டோரத்து மலைதான் தோட்டத்தின் ஆக உயர்ந்த மலை. அங்கே கான் வெட்ட வாலிபர்களைத்தான் அனுப்புவார்கள். அட்டைகளும் அதிகம்.

"எனக்கு மேல இருந்து சொன்னதுண்ணே," என்றார் கணக்கப்பிள்ளை, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருடைய விரல்கள் கொழுந்துச் சாயத்தில் கறுத்து, மரக்கிளையைப் போல உறுதியாக இருந்தன. "சும்மா நில்லு புள்ள. அவருக்கு வாய் இருக்கு. வேணும்னா அவரே பேசுவாரு."

அப்பா மம்பட்டியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அட்டை கடிக்காமலிருக்கக் கால்களில் பூசிக்கொள்ளச் சொல்லி யாரோ ஒரு சவர்க்காரத் துண்டை நீட்டினார்கள். அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். எங்கள் பக்கமாகத்தான் அந்த மலைக்குப் பாதை போகிறது. அருகில் வந்ததும் நின்றார். முந்திய நாள் மாலையிலிருந்து என்னை நேராகப் பார்க்காதவர், அப்போது பார்த்தார்.

கம்பனியின் முடிவு அன்றைக்கு எங்கேயோ தொலைவில் இருந்தது. மைதானத்தில் ஒரு குச்சியைக்கூட நாங்கள் ஊன்றியிருக்கவில்லை. அப்பா முகவாயால் மேலே, மேகத்துக்குள் கிடந்த அந்த மலையைக் காட்டினார்.

"அங்க ஏறி நின்னு பாத்தா, நம்ம எடம் நல்லாத் தெரியும்," என்றார். "பாத்துக்கிட்டே வெட்டுவேன். நீ போயி வேலையப் பாரு."